பங்காரு போட்ட நூல்கட்டு

அம்மையார்குப்பத்தில் பங்காருவைப் போல இழை முடிய ஆள் கிடையாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் நூல் அறுந்த இடம் எது என்று விளக்கு வைத்துத் தேடினாலும் தெரியாது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் ஒரு குடியைக் கெடுத்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எழுபத்துநான்காம் வருஷம் நாங்கள் எட்டுப் பேர். வாரம் இருமுறை, நெய்த சேலைகளை மூட்டையாகக் கேரியரில் கட்டிக்கொண்டு திருத்தணிக் கடைகளுக்குச் சைக்கிளில் போவோம். ஒருவன் டயர் வெடித்தால் எட்டுப் பேரும் இறங்கிவிடுவோம். ஒட்டுப் போடும் வரை யாரும் நகரமாட்டோம். எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் இல்லை, ஆனால் ஒருவனை ரோட்டில் விட்டுவிட்டு வந்த நாளும் இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பங்காருவின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. கடைக்காரர் பார்த்துவிட்டு "மாத்திடு" என்றார். புதுசு வர மூன்று நாள் ஆகும் என்றும் சொன்னார். தீபாவளிச் சேலை தறியில் கிடக்கும்போது எவன் மூன்று நாள் காத்திருப்பான்? தறியில் எது உடைந்தாலும் நாங்கள் செய்வது ஒன்றுதான். பாவு நூலை இறுக்கிச் சுற்றி, கஞ்சி பூசி, வெயிலில் காயவைப்போம். காலால் மிதிக்கும் கட்டை உடைந்தால்கூட அந்தக் கட்டோடு நாலு வருஷம் உழைக்கும். பங்காருவும் போர்க்குக்கு அதையே செய்தான். கட்டு கல்லாக இறுகிவிட்டது. நான் தட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு போனாலும் உன் கட்டு போவாதுடா" என்றேன். மரம் வேறு, இரும்பு வேறு என்ற புத்தி எங்களில் ஒருவனுக்கும் இல்லை.

அடுத்த நடைக்குப் பங்காருவுக்குக் காய்ச்சல். அவன் மனைவி கமலாவின் தம்பி வீரபத்திரன் மூட்டையை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்ததே பங்காருதான்.

"உங்க வண்டிலயே போயிட்டு வரேன் பாவா. நீங்க போத்திகினு படுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வீரபத்திரன் நிதானமாக ஓட்டுகிறவன். மாட்டுவண்டிகூட உன்னை முந்திவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். அன்றும் திருத்தணிக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியேதான் இறங்கினான். நான் அவனுக்குப் பின்னால். டக்கென்று ஒரு சத்தம். முன்சக்கரம் தனியாக ஓடியது. அவன் தலைகுப்புற விழுந்தான், அவன் மேல் மூட்டை.

மற்ற ஏழு பேரும் சேலைகளை ரோட்டோரம் போட்டுவிட்டு, வந்த லாரியை மறித்து அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியிலேயே உயிர் போய்விட்டது.

சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தபோது, முறிந்த போர்க்கில் அந்த நூல்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இது ஊருக்குத் தெரிந்தால் பங்காரு தூக்கில் தொங்கிவிடுவான் என்று பயந்தேன். அந்த நூல்கட்டை அறுத்துப் புதரில் எறிந்தேன். "எறக்கத்துல வேகமா வுட்டான், கல்லுல ஏறிடுச்சின்னு சொல்லிடலாம்" என்று சொன்னதும் நான்தான். ஆறு பேரும் தலையாட்டினார்கள். செத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான் என்ற தைரியம்.

ஊர் திரும்பியதும் பங்காரு என்னைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டான். "வரதா, கட்டு இன்னா ஆச்சி?"

"கட்டெல்லாம் அப்படியேதான்டா இருந்திச்சி. வேகம்தான்" என்றேன்.

அவன் நம்பவில்லை. நம்பாமலே வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் சைக்கிள் ஏறவே இல்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல்நாளே நடக்க ஆரம்பித்துவிடுவான்.

வீரபத்திரனின் மனைவி ஜெயம்மாவுக்கு அப்போது கைக்குழந்தை. அவளை நாங்கள் கைவிடவில்லை. பாவு ஓட்டிக் கொடுத்தோம், நூல் கொண்டுவந்து போட்டோம், அவள் நெய்த சேலைகளை ஆளுக்கு இரண்டாகப் பிரித்து எங்கள் மூட்டைகளில் வைத்துக் கொண்டுபோனோம். எட்டு வருஷத்தில் ஒரு வாரம் தவறவில்லை. ஊரே மெச்சியது. நாங்களும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தோம்.

அவளோ புருஷனின் போட்டோவுக்கு ஒரு பூ வைத்ததில்லை. "வீட்டுல சாது, ரோட்டுல ஆட்டம். கைப்புள்ளைய நெனச்சிருந்தா வேகமா போயிருப்பானா?" என்று பிள்ளைக்கு எதிரிலேயே திட்டுவாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

எட்டாவது திதியன்று எல்லோரும் இலைமுன் உட்கார்ந்திருந்தோம். பரிமாறிக்கொண்டே அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். பங்காரு எழுந்துவிட்டான்.

"அவனத் திட்டாத தாயி. போர்க்கு விண்டிருந்திச்சி. நான் நூலால கட்டி வச்சிருந்தேன். அவங்கிட்ட சொல்லல. ஜுரத்துல மறந்துட்டேன்னு இத்தினி வருசமா எனக்கே சொல்லிகினு இருந்தேன். மறக்கல. கட்டு நிக்கும்னு நம்புனேன்."

ஜெயம்மா என்னைப் பார்த்தாள். இனி எங்கே ஒளிவது?

"ஆங், நெசம்தாம்மா. நான் பின்னாடியேதான் வந்தேன். அவன் பிரேக்க புடிச்சிகினுதான் எறங்கினான்" என்றேன்.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் தாங்கியிருப்போம். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நூலு குடுத்தீங்கண்ணா, சேலைய சொமந்தீங்க. இல்லன்னு சொல்லல. எட்டு வருசமா அந்த மனுசன நான் திட்டாத நாளில்ல. புள்ளைக்கும் அதையே சொல்லிக் குடுத்துட்டேன். புள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவருகிட்ட போயி உங்கள்ல யாரு சொல்வீங்க?"