ஐஸோடு ஒட்டியிருந்த குப்பி

தடுப்பூசிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவரை நர்ஸுகள் எல்லோரும் ஐஸ் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். கிடங்கு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மருத்துவமனையின் பின்பக்கம், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கும் ஓர் அறை. மருந்து வைக்க இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள், ஒரு ஃப்ரீசர், ஒரு நாற்காலி. மேஜை போட்டால் கதவு திறக்காது. சுற்றுவட்டாரத்தில் பிறக்கிற அத்தனை குழந்தைகளுக்கும் ஊசி மருந்து அங்கிருந்துதான் போயாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கோடையில் மின்சாரம் போய் மருந்தெல்லாம் சூடேறிக் கெட்டுப்போனது. அப்போதிருந்த அதிகாரி எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றைக்கு மனதில் ஏறியது ஒன்றே ஒன்று: சூடுதான் எதிரி. அதன் பிறகு குளிர் விஷயத்தில் மனிதர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஃப்ரீசரிலிருந்து கல்லாக இறுகிய ஐஸ் பேக்குகளை அப்படியே எடுத்து, ஊசி முகாம்களுக்குப் போகிற பெட்டிக்குள் மருந்துக் குப்பிகளைச் சுற்றி அடுக்கி, மூடியை அழுத்திப் பூட்டுவார். உள்ளே கை வைத்தால் விரல் மரத்துப் போக வேண்டும். அப்போதுதான் அவருக்குத் திருப்தி.

ஒருமுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பொத்தான் அளவு வெப்பமானிகளைப் பெட்டிகளுக்குள் போட்டு அனுப்பி, மாலையில் அவை திரும்பி வந்ததும் எடுத்துப் பார்த்தார். முதல் பரிசு தன் பெட்டிக்குத்தான் என்று ஐஸ் மாமா வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். ஆனால் அந்த அம்மாவின் முகம் சரியில்லை. எல்லா மருந்தும் ஒன்றல்ல, சிலவற்றுக்குச் சூட்டைவிட உறைவதுதான் எமன், கக்குவான் இருமலுக்கான மருந்து அதில் ஒன்று என்று பொறுமையாக விளக்கினார். ஒரு தடவை உறைந்தால் வீரியம் போய்விடுமாம். உருகிய பிறகு பார்க்கிறவர்களுக்கு நல்ல மருந்து போலவேதான் இருக்குமாம்.

போன இடமெல்லாம் அந்த அம்மா, பெட்டிக்குள் மருந்து உறைவதையே கண்டிருந்தார். அவருடைய அறிக்கை மேலே போய், குழு, துணைக்குழு, அதற்கொரு கூட்டம் என்று ஊரெல்லாம் சுற்றி, வருஷக்கணக்கில் கழித்து ஆணையாக இறங்கியது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைக்க வேண்டும். மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே பெட்டியில் போட வேண்டும். இதற்கென்று பயிற்சி கொடுத்தார்கள். ஐஸ் மாமாவும் போய் உட்கார்ந்து, நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஆணை போட்டவர்கள், ஐஸ் வியர்க்கும்வரை வண்டி நிற்குமா என்று யோசிக்கவில்லை. வண்டி எப்போதும்போலக் காலையில் கிளம்பும். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார். வெயிலில் நிற்கிற நர்ஸுகள் ஐஸ் மாமாவைப் பார்க்கிற பார்வையே பேசும். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். பிறகு விட்டுவிட்டார். போதாததற்கு உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு வேறு: குளிர் கெடுதலாமே, யாருக்குக் காது குத்துகிறார்கள்? அத்தனை தூரம் பயணம் வந்த விஞ்ஞானம், ஃப்ரீசருக்கும் பெட்டிக்கும் நடுவே கடைசி ஒரு முழத்தில் நின்றுபோனது. யார் மேல் கோபப்படுவது, சொல்லுங்கள்.

இந்த நிலையில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் அவரே முகாமுக்குப் போனார். நர்ஸ் மேலாக இருந்த குப்பியை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அது வேணாம்மா. அடியில, ஐஸோட ஒட்டியிருக்கு பாரு, அதை எடு. என் பேரனுக்கு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே அதை எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் போட்டாள். கக்குவான் ஊசி போட்ட மூன்று தடவையும் இதேதான் நடந்தது.

மழை விட்ட பிறகு, முகாம்களிலிருந்து திரும்புகிற நர்ஸுகள் இருமல் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சாதாரண இருமல் இல்லை. குழந்தைகள் மூச்சுவிடாமல் தொடர்ந்து இருமி, முகம் கறுத்து, கடைசியில் கூவுகிற மாதிரி மூச்சை இழுக்கின்றன. ஊசி போட்ட குழந்தைகள்தானே, வேறு ஏதாவது கிருமியாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஐஸ் மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். 

ஒரு காலையில் அவர் வீட்டிலேயே அந்தச் சத்தம் கேட்டது. பேரன் இருமினான், இருமினான், நிற்கவே இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. பிறகு அந்த இழுப்பு. மகள் சட்டை மாற்றக்கூட நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். பின்னாலேயே வந்தவர், அவள் வரிசையில் உட்கார்ந்ததும் கிடங்கைத் திறந்தார்.

உறைந்த மருந்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சியில் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: ஒருமுறை உறைந்திருந்தால், குலுக்கி வைத்ததும் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். முந்தின நாள் பெட்டியில் போய்த் திரும்பிய குப்பி ஒன்றையும், குளிர்சாதனப் பெட்டியை விட்டு நகராத குப்பி ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி நாற்காலியின் மேல் நிறுத்தினார். நகராத குப்பி பால் கலந்த தண்ணீர்போல அப்படியே நின்றது. முகாமுக்குப் போய் வந்த குப்பியில் மட்டும் வெள்ளைத் துகள்கள் சரசரவென்று இறங்கி அடியில் படிந்தன. மேலே வெறும் தெளிந்த தண்ணீர். மறுபடி குலுக்கினார். மறுபடி இறங்கியது. 

டாக்டர் அறைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் பேசிக்கொண்டிருந்தாள். "மூணு ஊசியும் தவறாம போட்டாச்சு டாக்டர். எங்கப்பாவே பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த மருந்து."

"அப்ப கக்குவானா இருக்காதும்மா. வெறும் சளிதான்" என்று டாக்டர் சிரப் எழுதத் தொடங்கினார்.

ஐஸ் மாமா மேஜையருகே வந்தார். வாயைத் திறந்தால் வேலை போகும், இத்தனை வருஷப் பேர் போகும். திறக்காவிட்டால் பேரனுக்குக் கிடைக்கப்போவது சளி மருந்து. பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், அந்த மருந்து உறைஞ்சு போனது. இவனுக்கு ஊசியே போடலைன்னு நினைச்சுப் பாருங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். குழந்தையை வாங்கி, நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு சிரப் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஐஸ் மாமாவிடம் கேட்டார்.

"இவனுக்குப் போட்ட குப்பி மட்டும்தானே?"

வெளியே வராந்தாவில் ஒரு குழந்தை இருமத் தொடங்கியது. அது மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அடுத்த பெஞ்சில் இன்னொன்று.

"இல்லை டாக்டர்" என்றார் ஐஸ் மாமா.

பழக்கத்தில் பேரனை வாங்கக் கை நீட்டினார். மகள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அவரைத் தாண்டி வார்டுக்கு நடந்தாள்.