தம்புசாமியின் நெஞ்சுக்குள் பச்சை விளக்கு

தம்புசாமி மூச்சை இழுத்தால் கிள்ளானில் நிற்கும் ரயில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடும். விட்டால் ஈப்போ போய்ச் சேரும். நடுவில் தும்மினால் சிங்கப்பூர்க்காரன் குடையைத் தேடுவான். காலமெல்லாம் சிக்னல் கேபினில் நெம்புகோல் இழுத்தவர் என்றால் சும்மாவா?

அப்பேர்ப்பட்டவருக்கு 1987இல் கட்டிலிலிருந்து வாசலுக்குப் போகவே மூச்சு வாங்கியது. கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது, காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று டிக்கெட் எடுக்காமல் கிளம்பி நுரையீரலில் போய் இறங்கிவிட்டது.

“மருந்து அந்தக் கட்டிய வளர விடாது, அங்கிள். இருக்கிறத உடம்புதான் கரைக்கணும்,” என்றார் டாக்டர். “நுரையீரல்ல காவல் செல்கள் இருக்கு. அதுங்க ஒரு ரசாயனம் விட்டா கட்டி கரையும். இன்னொண்ண விட்டா கரையறது நின்னு போகும். புகை பட்டா அந்த ரெண்டாவதுதான் கூடுதோன்னு ஆராய்ச்சி நடக்குது. எதுக்கும் புகை பக்கம் போகாதீங்க.”

அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர்: தம்புசாமியும், பை தூக்கிக்கொண்டு கூடப்போன பக்கத்து வீட்டுப் பாலனும்.

மத்தியானங்களில் தம்புசாமி கண்ணை மூடுவார். நெஞ்சுக்குள் மழை ஓய்ந்த தண்டவாளம் நீளும். பொடிப்பொடிக் காவல்காரர்கள் விளக்கோடு நடந்து வருவார்கள். பச்சை காட்டிய இடத்தில் கருஞ்சிவப்புக் கட்டி, வெல்லம்போல் ஓரத்தில் இளகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்...

அந்த நேரம் பார்த்து மனைவி மாரியாயி சாம்பிராணித் தட்டோடு வருவாள். புருஷன் பிழைக்கவேண்டுமே என்று செவ்வாய், வெள்ளி விரதம். கட்டிலைச் சுற்றிச்சுற்றிப் புகை போடுவாள். உள்ளே அத்தனை விளக்கும் சிவப்பாகும். தம்புசாமி இருமுவார்.

“கெட்டது வெளிய போவுதுங்க. நல்லா இழுங்க!”

புகையில் கலங்கிய அவள் கண்ணைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் பொட்டலத்தைக் காணோம். புதிது வாங்கினாள். அதுவும் போயிற்று.

“எலியா தின்னுருக்கும், பாலா?”

“பிரிக்பீல்ட்ஸ் எலிக்கு பக்தி ஜாஸ்தி லா, ஆன்டி.”

வாங்கி வாங்கிச் சலித்தவள், கடைசியில் திருநீறு பூசுவதோடு விட்டாள்.

தைப்பூசம் நெருங்கியபோது தம்புசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். பாலன் இந்தக் கதையை எழுதிக் கொண்டுபோய் முதல் நாலு வரியைப் படித்துக் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தார், இருமல் வரவில்லை. காகிதத்தை வாங்கி மூக்கருகே பிடித்து மூச்சை இழுத்தார். எங்கும் தடைபடாமல் அது அடிவரைக்கும் போயிற்று.

“ரயிலு கெடக்கட்டும், தம்பி. காயிதத்துல ஏன் சாம்பிராணி வாசம் அடிக்குது?”