மருந்தில்லாத தோட்டா

இன்று கிளென் வேவர்லியில் ராசன் அண்ணையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் காலமாகி ஒரு மாதம். மகள் சுதா கராஜைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளில் நானும் அண்ணையும் ஒரே ரைபிள் கிளப். இருவருக்குமான தோட்டாக்களை நான்தான் வீட்டில் செய்வேன். அதற்கென்று ஒரு பிரஸ் வைத்திருந்தேன். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வெற்றுப் பித்தளைக் கோதில் வெடிமருந்து விழும், அடுத்ததில் குண்டு இறங்கும், முடிந்த தோட்டா வெளியே வரும்.

ஒருநாள் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே இழுத்தேன். மருந்துப் புட்டி காலியாகியிருந்ததைப் பிறகுதான் கண்டேன். நிரப்பிவிட்டுத் தொடர்ந்தேன். எத்தனை தோட்டாக்கள் மருந்தில்லாமல் விழுந்தன என்று பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அண்ணை சுட்டபோது, தள்ளிவிட மருந்தில்லாமல் ஒரு குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியது. தெரியாமல் அடுத்ததைச் சுட்டார். குழல் பிளந்தது. அவருடைய இடதுகைச் சுட்டுவிரல் கடைசிவரை மடங்கவில்லை.

"பழைய துவக்கு அண்ணை, அதுதான்" என்றேன்.

"ஓம் தம்பி, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

இன்று சுதா, அன்று நான் அண்ணைக்குக் கொடுத்த அதே தோட்டாப் பெட்டியை நீட்டினாள். உள்ளே அண்ணையின் கையெழுத்தில் ஒரு துண்டு.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அங்கிள். டாட் என்ன எழுதியிருக்கிறார்?"

'மிச்சத் தோட்டாக்களை நிறுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டில் மருந்து இல்லை. தம்பிக்குச் சொன்னால் தாங்கமாட்டான்.'

"சும்மா சாமான் லிஸ்ட், பிள்ளை" என்றேன்.

தகப்பனுக்கு ஒரு பொய், மகளுக்கு ஒரு பொய். நாளை போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். தேத்தண்ணிக்கு முன்பா பின்பா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.