அத்தானின் ஸ்கோப்பும் நான் சொன்ன பொய்யும்

ஐந்து துளைகள் விழுந்த ஒரு காகிதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பன்வேலுக்கு அப்பால், குன்றடியில் இருக்கும் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் இருநூறு மீட்டர் தள்ளித் தொங்கிய காகிதம் அது. சுட்டவர் என் அக்காவின் கணவர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ரைபிளுக்கு உரிமமும் வைத்திருந்தார். நெல் முற்றும் நாட்களில் காட்டுப்பன்றிகள் வயலை அழிக்கின்றன என்று அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆண்டுதோறும் அவரைக் கூப்பிடுவார்கள். வனத்துறையின் அனுமதிக் கடிதம் வந்ததும் போவார். அதற்கு முன் சில ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி. கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகி, அதே கிளப்பில் உறுப்பினராகவும் இருந்ததால் நானும் கூடப் போவேன்.

அன்று ரைபிள்மேல் மாட்டிய ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, சோதித்துக்கொண்டிருந்தோம். குறியை மாற்றாமல், ஸ்கோப்பின் திருகை மட்டும் 'டிக், டிக்' என்று மேலே எட்டு சொடுக்கு, வலப்பக்கம் எட்டு, கீழே எட்டு, இடப்பக்கம் எட்டு என்று திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஸ்கோப் ஒழுங்காக இருந்தால் துளைகள் சதுரமாக விழும். ஐந்தாவது குண்டு முதல் துளைக்கே திரும்பி வரும். அத்தானுடையது ஒரு சாண் தள்ளி விழுந்தது. மறுபடி சுட்டார். இப்போது வேறு பக்கம் விலகியது.

"ஸ்கோப்பு காலி. உள்ள கண்ணாடி ஆடுது போல. நீ ஒருவாட்டி சுட்டுப் பாரு," என்றார்.

புதுக் காகிதம் மாட்டி, மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்துச் சுட்டேன். சதுரம் அச்சாக விழுந்தது. ஐந்தாவது குண்டு முதல் துளையை உரசிக்கொண்டு போயிருந்தது. ஸ்கோப் வழியாகவே அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அத்தான் குனிந்து அதே ஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எங்க விழுந்திருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அவருக்குத் துளைகளே தெரியவில்லை. "எனக்கும் தள்ளித்தான் போவுது அத்தான்," என்றேன். நானே நடந்து போய்க் காகிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் மாஹிமில் ஒரு நண்பரிடம் வேறு ஸ்கோப் வாங்கி மாட்டிவிட்டார். வியாழக்கிழமைக்கு அனுமதியும் வந்துவிட்டது. அந்த வயலோரம் எனக்குத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் பன்றிகளை விரட்ட ஒரு கிழவி அங்கே தகரத்தைத் தட்டிக்கொண்டு நடப்பாள். செம்பூரில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தத் தகரச் சத்தம்தான் கேட்டது. அக்கா போன் செய்தால் எடுக்கப் பயந்தேன்.

புதன்கிழமை பட்டறைக்குப் போய்க் காகிதத்தை அவர் முன் விரித்தேன். "ஸ்கோப்புல ஒண்ணுமில்ல அத்தான். அன்னைக்கு நான் சொன்னது பொய்."

துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்."

"நாளைக்கு அந்தக் கிழவி குறுக்க வந்திருந்தா யாரு சங்கடப்படுறது?"

அத்தான் அங்கேயே கிராமத்துக்குப் போன் போட்டு, தன் கண் சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று இந்தியில் சொன்னார். வேறு ஆள் வந்து சேருவதற்குள் பாதி வயலைப் பன்றிகள் உழுதுவிட்டன. கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பு கெட்டுவிட்டது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார் டாக்டர். ரைபிளைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

பேசாத அந்த நாட்களின் முடிவில் ஒருநாள், நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வழியில், வடாலா ஸ்டேஷன் படிக்கட்டின் உச்சியில் நின்றுவிட்டார். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு இறங்கியது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன படி இருக்கு, பாத்துச் சொல்லு."

ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்.