சரஸ்வதி இல்லாத காகிதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு மாடிக் கக்கூஸ் கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உள்ளே இருந்தவர் எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்டர், ஒரு வெள்ளைக்காரத் துரை. எனக்குத் தலைமைக் குமாஸ்தா வேலை கிடைப்பது அவர் கையில்தான் இருந்தது. அந்தக் கையில் அப்போது இருந்த இன்னொன்றை நினைத்துத்தான் இந்த நடை…

தப்பு என்னுடையது. தியாகராய நகரில் நான் குடியிருக்கும் வீட்டைக் கட்டினவர் ரங்கூனில் இருந்தவர். மாடியில் இங்கிலீஷ் மோஸ்தரில் ஒரு பீங்கான் ஆசனம் வைத்திருக்கிறார். அதில் நாங்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஆபீஸில் அதைப் பற்றி நான் பெருமை அடிக்காத நாளும் இல்லை.

யுத்தம் வந்தது. ஹோட்டல் அறைகளெல்லாம் பட்டாளத்துக்குப் போயின. இன்ஸ்பெக்ஷனுக்கு வரும் துரை தங்க இடமில்லை என்றதும், மானேஜர் என்னைப் பார்த்தார்.

"உம்ம வீட்டிலேதான் எல்லா வசதியும் இருக்கே ஐயா! இரண்டே நாள். அவர் மனசு குளிர்ந்தால் தலைமைக் குமாஸ்தா நாற்காலி உமக்கு. இல்லாவிட்டால்…"

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டுமா என்ன?

கட்டில், மெத்தை, கொசுவலை, ரொட்டி — எல்லாம் தயார். துரை வரும் சனிக்கிழமை காலையில்தான் சுரீரென்றது. டாய்லெட் பேப்பர்! நமக்குச் செம்பும் தண்ணீரும் போதும். துரைகளுக்கு?

மவுண்ட் ரோடில் ஓர் இங்கிலீஷ் கடையில் விசாரித்தேன். "யுத்தம் முடிந்ததும் வாருங்கள்" என்றார்கள். அதுவரை துரை தாங்குவாரா?

மெல்லிய காகிதம் வேறு எங்கே கிடைக்கும்? சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு காற்றாடிக் கடைக்கு ஓடினேன்.

"இன்னா சாமி, இந்த வயசுல காத்தாடி வுடப் போறியா?"

"பேப்பர் மட்டும் போதும்ப்பா. ஈரம் தாங்குமா?"

"ஈரமா? நீ ஆகாசத்துல வுடப் போறியா, கூவத்துல வுடப் போறியா?"

விரலை நனைத்து ஒரு சிவப்புத் தாளில் தேய்த்துப் பார்த்தேன். விரல் குங்குமச் சிவப்பாகிவிட்டது. துரையை நினைத்துப் பார்த்தேன். வேலையையும் நினைத்துப் பார்த்தேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து பழைய நியூஸ் பேப்பரையும் கத்தரிக்கோலையும் எடுத்தேன்.

என் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்னா, கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கறோம். இதைப் போயா…?"

"இது இங்கிலீஷ் பேப்பர்டி!"

"இங்கிலீஷுக்குன்னு தனியா ஒரு சரஸ்வதி இருக்காளா?"

எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

காலண்டர் தாள்? — "ஏகாதசி போட்டிருக்கு." இன்ஷூரன்ஸ் கடிதம்? — "அதுல உங்க ஆயுசுன்னா இருக்கு!" வெறும் வெள்ளைத் தாள்? — "இன்னும் எழுதலே, அவ்வளவுதானே." மை ஒற்றும் பிளாட்டிங் பேப்பர்? அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுலயும் இருக்கா. தலைகீழா இருக்கா."

எந்தக் காகிதம்தான் வெறும் காகிதம்?

திடீரென்று என் மேஜைக்குப் போனாள். ஆறு தாள்களோடு திரும்பி வந்தாள். "இதை வேணா வெச்சுக்குங்கோ. தோஷமில்லே."

வாங்கிப் பார்த்தேன். இந்த வாரப் பத்திரிகையில் நீங்கள் படிக்க நான் எழுதி வைத்திருந்த கட்டுரை!

"அடியே! நான் எழுதினதில் மட்டும் சரஸ்வதி இல்லையா?"

"வாசிச்சுப் பார்த்துட்டேன். இல்லே."

வாதாட நேரமில்லை, வாசலில் துரையின் கார் ஹாரன். அவசரமாக மூலையில் ஓட்டை போட்டு, சணல் கோத்து, ஆணியில் தொங்கவிட்டேன்.

மறுநாள் காலை துரை உள்ளே போனார். பத்து நிமிஷம்… அரை மணி… தாள் முரடோ? ஐயோ, என் பேனா மையும் சாயம்தானே! நீலத் துரை கீழே இறங்கி வருவதுபோலக் கண்ணுக்குள் ஒரு காட்சி. கதவைத் தட்டலாமா? தட்டி என்னவென்று கேட்பது?

முக்கால் மணி ஆனபின் கதவு திறந்தது. துரை கையில் சில தாள்களோடு வந்தார். வாயைத் திறந்தார் — தமிழில்!

"மன்னிக்கணும்வே, ரொம்ப நேரமாயிட்டு. படிச்சுக்கிட்டே உக்காந்துட்டேன்."

இருபது வருஷம் தூத்துக்குடியில் இருந்தாராம். முந்தின நாள் வந்து இறங்கியதிலிருந்து என் இங்கிலீஷை முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர்!

"நல்லாத்தான் எழுதுதீரு. அந்த வேலை உமக்குன்னு நாளைக்கே சிபாரிசு பண்ணுதேன். ஆபீஸ் கடுதாசியை மட்டும் கொஞ்சம் சுருக்கி எழுதும்."

"தாங்க்யூ ஸார்… ஆனால்… ஆறு தாள் இருந்ததே…"

"ஒண்ணு தேவைப்பட்டுது. அவசரப்படலைவே. ஆறையும் படிச்சுப் பார்த்து, எது இல்லைன்னாலும் விஷயம் கெடாதோ, அதைத்தான் எடுத்துக்கிட்டேன்."

மீதியை என் கையில் கொடுத்துவிட்டுக் காப்பிக்குப் போனார். எண்ணினேன். ஒன்று முதல் ஐந்து வரை பத்திரமாக இருந்தன. போனது ஆறாவது — வாழ்க்கை என்றால் என்ன என்று வாரா வாரம் உங்களுக்கு நான் உபதேசம் செய்கிற கடைசிப் பக்கம்!

சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா? இன்னும் புரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம் — இந்த வாரம் ஆறாம் பக்கம் கிடையாது.