மிஸ்டு காலுக்குத் திறக்காத கேட்

குப்புராஜ் என் தங்கை கங்கம்மாவின் மூத்த பிள்ளை. கங்கம்மாவைச் சோழவரத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை என் அத்தை வழியில் தூரத்துச் சொந்தம். பிள்ளைக்கு நாலு வயதாகும்போதே இறந்துபோய்விட்டார். அதனால் இவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எட்டாவது முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சத மிஷின் ஓங்கி அடிக்கும் ஷெட். அதில் பதினாறு வருஷம். காதுக்கு அடைப்பு கேட்டால், "பஞ்சு வச்சிக்கினு போய்யா" என்பார்கள். பஞ்சு வைத்துக்கொண்டுதான் போனான். முதலில் இடது காது போனது, பிறகு வலது. ஒரு பொங்கலன்று வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம்.

இரண்டாயிரத்து ஒன்பதில், இனி வரவேண்டாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். குப்புராஜ் நேராகச் சூப்பர்வைசர் முனுசாமியிடம் போனான். காது போனதிலிருந்து அவன் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"காத வாங்கிக்கினீங்க. வேலையவும் வாங்கிக்குவீங்களா?"

அப்போது கேட்டில் ஆள் இல்லை. முன்பு இருந்தவன் தப்பான லாரிக்குத் திறந்துவிட்டுச் சீட்டுக் கிழிந்தவன். அந்த வேலையைக் கொடு என்றான் குப்புராஜ். முனுசாமி சிரித்துக்கொண்டே தாளில் எழுதிக் காட்டினான்: எந்த வண்டியை விடுவது என்று உள்ளேயிருந்து போனில் சொல்வோம், செவிடனுக்கு எப்படிக் கேட்கும்?

"மெசேஜ் போடு. வண்டி நம்பர நான் திருப்பி அடிக்கிறேன். நீ சரின்னு போட்டா தொறக்கிறேன்."

ஒரு வாரம் பார்க்கலாம், ஒரு வண்டி தப்பினாலும் வீட்டுக்குப் போ என்று எழுதினான் முனுசாமி. மெசேஜ் வராமல் எந்த வண்டிக்கும் கேட் திறக்கக் கூடாது என்று அவனே கையெழுத்துப் போட்டுக் கேட் ரூமில் ஒட்டினான்.

குப்புராஜிடம் இருந்தது பழைய போன். ஒரே பட்டனில் மூன்று எழுத்து. வலது கட்டைவிரல் நகம் நசுங்கி உணர்ச்சி மங்கிப்போனவன், அதில் ஒரு லாரி நம்பர் அடிப்பதற்குள் லாரி நெல்லூருக்கே போய்விடும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பட்டன் உள்ள போன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு புதுவாயலில் அஸ்கர் அலி கடைக்குப் போனான். அஸ்கர் அலி பழவேற்காட்டுக்காரர். போனைக் கையில் எடுத்ததும் பாட்டை அலறவிட்டார்.

"ஸ்பீக்கர் கேளுங்க, வூடே அதிரும்!"

"பாய், அவனுக்குக் காது கேக்காது" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க பெரியவரே, அவருக்கு இன்னா வேணுமாம்?"

வாயசைவைப் பார்த்த குப்புராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தான். "வாங்கறவன் நான். இன்னா சொல்லணுமோ அத இதுல அடி பாய்."

அஸ்கர் அலி பாட்டை நிறுத்தினார். பிறகு இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்தார்: கோபப்படாதீங்க. படித்துவிட்டு, "வேலைய பாப்போம்" என்றான் குப்புராஜ்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். இருபது லாரி நம்பர்கள். நின்றபடியே ஒவ்வொன்றாக அடித்தான். எழுத்துக்கு ஒரே அழுத்து. எண்ணுக்கு மட்டும் ஓரத்துப் பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். முதல் மூன்று நம்பரில் அதை மறந்து தப்பாக அடித்தான், நாலாவதிலிருந்து விரல் பழகிவிட்டது. பட்டன்கள் மூக்குத்திக் கல் மாதிரி பொடி. விரலைப் படுக்கப் போட்டால் இரண்டு சேர்ந்து அமுங்குகிறது, ஆள்காட்டி விரலின் நகத்து நுனியால் அடித்தால் சரியாக விழுகிறது. பழைய போனிலும் அதே தாளை அடித்தான். புதியதில் இருபது நம்பர் முடித்த நேரத்தில் பழையதில் ஆறுதான் முடிந்தது.

அதோடு விடவில்லை. தன் சிம்மைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றான். கண்டெய்னர் லாரி தரையை அதிரவைத்துப் போகும்போதெல்லாம் நான் மெசேஜ் அனுப்ப வேண்டும். அந்த ஆட்டத்திலும் போனின் அதிர்வு நெஞ்சில் தெரிகிறதா என்று பார்க்கிறானாம். ஐந்தில் மூன்றுதான் தெரிந்தது. பையிலிருந்து எடுத்து, போனை இடுப்பு பெல்ட்டுக்குள் வயிற்றோடு செருகினான். ஐந்தும் தெரிந்தது.

"வேல செய்யுது. பட்டன் பொடி, ஸ்பீக்கர் தண்டம். குடு" என்றான்.

அஸ்கர் அலி என் காதில், "இந்த மாதிரி பேஜாரு புடிச்ச கிராக்கிய நான் பாத்ததில்ல" என்றார். ஆனால் பெல்ட்டில் மாட்டும் உறையைச் சும்மாவே கொடுத்தார்.

முதல் நாள் மதியச் சோறு கொண்டுபோனவன் நான். கேட்டுக்கு வெளியே மூன்று லாரிகள். குப்புராஜ் இடுப்பைத் தொட்டான், போனை எடுத்தான். மெசேஜ் இல்லை, மிஸ்டு கால். "எந்த வண்டி? நம்பர் போடு" என்று அடித்தான். மறுபடி மிஸ்டு கால். லாரிக்காரர்கள் ஹாரனை வைத்து அமுக்கினார்கள். எனக்குத்தான் காது கிழிந்தது. அவன் சோற்றைப் பிசைந்தான்.

நெல்லூர் டிரைவர் இறங்கி வந்து, "நைனா, கும்புடுறேன், தொறப்பா" என்றான். குப்புராஜ் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான்.

முனுசாமி உள்ளேயிருந்து ஓடிவந்து அவன் முகத்துக்கு நேரே கத்தினான். "மிஸ்டு கால் குட்த்தா தொறன்னு அர்த்தம்யா! ஊரே அப்படித்தான பண்ணுது!"

"மூணு வண்டி நிக்குது. உன் மிஸ்டு கால்ல நம்பர் இருக்குதா? தப்பு வண்டி போனா எனக்குத்தான சீட்டு கிழியும்?"

முனுசாமி பூட்டில் கைவைத்தான். சாவி குப்புராஜ் மடியில். "எழுது" என்றான் குப்புராஜ்.

நானும் குப்புராஜும் நெல்லூர் டிரைவரும் பார்த்துக்கொண்டு நிற்க, சூப்பர்வைசர் வெயிலில் வேர்த்து வடிந்து, ஒரே பட்டனை நாலு நாலு தரம் அமுக்கி நெல்லூர் வண்டி நம்பரை அடித்தான். குப்புராஜ் கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பி அடித்தான். முனுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு சரி போட்டான். கேட் திறந்தது. "அடுத்தது" என்றான் குப்புராஜ்.

வாரம் முடிந்தது, ஒரு வண்டியும் தப்பவில்லை. வேலை உனக்குத்தான் என்று முனுசாமியிடமிருந்து மெசேஜ் வந்தது. கங்கம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். குப்புராஜ் சிரிக்கவில்லை. நகத்து நுனியால் அடித்து அனுப்பினான்: என் காதுக்கு?

முனுசாமியிடமிருந்து மறுநாளும் வண்டி நம்பர்தான் வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில், முதல் வண்டிக்குத் திறப்பதற்கு முன்னால், அந்த இரண்டு வார்த்தையை மறுபடி அனுப்பிவிட்டுத்தான் பூட்டில் சாவியைப் போடுகிறான்.