மாமா வாங்கிக் கொடுத்த கட்லெட்

எங்கள் குடும்பத்தில் என் மாமாவைத் தியாகி என்பார்கள். அவர் செத்துப் பல வருஷமாகிறது. இன்னும் படத்துக்கு மாலை மாற்றுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள். போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவர் எப்படி ரயிலேறினார் என்பது அந்தக் கதை. சொல்கிறவர்கள் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. நான் இருந்தேன். கதையில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி வரும்: “சின்னப் பிள்ளை ஒண்ணையும் கூட்டிக்கிட்டுப் போனார்.” அந்த ஒண்ணு நான்தான்.

அப்பாவுக்கு மலையாளத் தலைநகரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம். கடைக்கு மேலேயே வீடு. மாமா அம்மாவின் தம்பி, நாகர்கோவில் பக்கம், காலேஜ் படித்தவர். தெற்கே தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த சமயம் அது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. கடையில் பாதிக் கதவுதான் திறக்கிறார்கள். தெருவில் வாயைத் திறக்காதே என்று அப்பா அதட்டுகிறார். மாமா வற்றல் மூட்டைகளுக்குப் பின்னால் பாய் விரித்துக்கொண்டு ஒளிந்து கிடக்கிறார். நெடி தாங்காமல் அவர் தும்மும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. ஒளிவதற்கு வற்றல் கிடங்கைத் தேர்ந்தெடுத்த குடும்பம் எங்களுடையது.

மாமாவுக்கு என்னைக் கண்டால் கேலிதான். எங்களவர்களில் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கம். “ஏட்டி, என்னைக் கட்டிக்கிடுதியா? உனக்கு மூக்குத்தி வாங்கித் தாரேன்” என்பார். நான் ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். வெட்கமும் இருக்கும், சந்தோஷமும் இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் அம்மா எனக்குத் தலைவாரி, பட்டுக் கவுன் மாட்டிவிட்டாள். “மாமாகூட ஹோட்டலுக்குப் போயிட்டு வா மக்களே. மாமா சொல்லுகபடி கேக்கணும்.” அண்ணன் தானும் வருவேன் என்று அழுதான். அவனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. அவன் மலையாளம் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே தமிழன் என்று தெரிந்துவிடும். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாயர் வீட்டுப் பிள்ளை என்பார்கள். நானோ, என்மேல்தான் மாமாவுக்குப் பிரியம் என்று அண்ணனுக்கு அழகு காட்டிவிட்டு இறங்கிப் போனேன்.

கீழே நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மீசை இல்லை. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டும் கால்சட்டையும் போட்டிருந்தார். குதிரை வண்டியில் என் காதுக்குள் சொன்னார்: “அங்க போனா தமிழ் பேசப்படாது. என்னை மாமான்னு கூப்பிடவே கூடாது. அச்சன்னு கூப்பிடணும், கேட்டியா?”

“அச்சன்னா அப்பால்லா?”

“ஆமாட்டி.”

“அப்போ என்னை எப்படிக் கட்டிக்கிடுவீங்க?”

வேறு நாளாக இருந்தால் வண்டி குலுங்கச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. பயம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்தது அந்த ஹோட்டல். முன்பு வெள்ளைக்காரத் துரைகளும், பிறகு எஸ்டேட் முதலாளிகளும் பெரிய உத்தியோகஸ்தர்களும் சாப்பிட்ட இடம். நிலையத்தில் போலீஸ் நின்றது. வேட்டி கட்டிய தனி ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்டு, மகளோடு உட்கார்ந்து கரண்டியால் சாப்பிடுகிறவனை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ரயில் கிளம்பும் நேரம்வரை அங்கே இருப்பது, கடைசி நிமிஷத்தில் ஏறிவிடுவது. மாமாவின் திட்டம் அவ்வளவுதான். எனக்குத்தான் அதைச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஹோட்டலில் இலை போடும் சத்தம், தம்ளர் சத்தம், “ரெண்டு தோசேய்” என்று கூவும் சத்தம் எல்லாம் இருக்கும். இங்கே கூடம் நிறைய ஆட்கள் தின்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. மேஜைமேல் வெள்ளைத் துணி. தலைப்பாகையும் பெல்ட்டும் போட்ட பரிமாறுகிறவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவரும் போலீஸ் என்றே நினைத்தேன். மாமா இங்கிலீஷில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, என் கழுத்தில் துண்டைச் செருகினார்.

முதலில் சூப் வந்தது. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் விடச் சொன்னார். எங்கள் வீட்டில் தம்ளரைக்கூட உதட்டில் வைக்கக் கூடாது. செய்தேன்.

அப்போதுதான் அந்த அதிகாரி வந்தார். காக்கிச் சட்டை, கையில் பிரம்பு. காலியாக இருந்த பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி என் பக்கமாக வைத்தார். மாமாவின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். எழுந்து போகவும் முடியாது, பேசவும் முடியாது. மாமா மலையாளத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தமிழன் என்று தெரிந்துவிடும், கதை முடிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்லெட் வந்தது. வடை என்று நினைத்தேன். ஆனால் வாடை வடையுடையது இல்லை. நாங்கள் சைவம். வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. நான் மாமாவைப் பார்த்தேன். மேஜைக்குக் கீழே அவருடைய பூட்ஸ் என் காலை மிதித்தது. அவரே ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். கண்கள் பிதுங்கின. ஆனாலும் மென்றார். அதிகாரி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் வாயில் வைத்தேன். சாமி இப்போதே கண்ணைக் குத்தும் என்று ஒரு பயம், பக்கத்து மேஜையின் பிரம்பு ஒரு பயம். எது பெரிதென்று தெரியாமல் விழுங்கினேன்.

“மோள்டெ பேரெந்தா?” என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

காலேஜ் படித்த மனுஷன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார், எனக்கொரு பெயரைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார். என் பெயர் வள்ளியம்மை. அதைச் சொன்னால் போச்சு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயரைச் சொன்னேன். “ராதாமணி.”

“மிடுக்கி. இதாரா?”

கெட்டிக்காரியாம் நான். இது யார் என்று மாமாவைக் காட்டிக் கேட்கிறார். அப்பா என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு அவர் எனக்கு முறைமாமன் இல்லை என்றுதான் என் புத்திக்குப் பட்டது. பூட்ஸ் மறுபடி அழுத்தியது. “அச்சன்” என்றேன். சொன்னதும் கண்ணீர் கொட்டிவிட்டது.

“கரையண்டா மோளே. எரியுந்நுண்டோ?” என்றார் அவர். காரம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னார். நல்ல மனுஷன். அவரும் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக இருந்திருப்பார்.

ஐஸ்கிரீம் வந்தது. எதிரே ரயில் நிலையத்தில் மணி அடித்தது. மாமா எழுந்தார். கண்ணைத் துடைத்துவிடுகிற சாக்கில் குனிந்து, “மெல்லத் தின்னு மக்களே. நான் வரதுக்குள்ள தீரப்படாது” என்று காதுக்குள் சொன்னார். கை கழுவப் போகிறவர்போல அதிகாரிக்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

தீரக் கூடாது என்று சொன்னார் அல்லவா, நான் தொடவே இல்லை. தின்னாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டிருந்தது. ஓரம் இளகி, கிண்ணத்தில் வெள்ளைத் தண்ணீராக நின்றது. கையால் அணைத்துப் பார்த்தேன், இன்னும் வேகமாக உருகியது. ரயில் கூவிக் கிளம்பியது. மேஜைமேல் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்து அடங்கின. மாமா வரவில்லை.

“அச்சன் எவிடெ?”

“கை கழுகான் போயி.”

அதிகாரி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். வீடு எங்கே என்று கேட்டார். எனக்கு ஒரு மலையாள வார்த்தைகூட வரவில்லை. “அம்மாகிட்ட போணும்” என்று தமிழில் ஓலமிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் பிரம்பை எடுத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொச்சைத் தமிழில், “அழாதே. வீடு எங்க?” என்றார்.

ஜீப் ஆரியசாலைக்குள் நுழைந்ததும் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். நான் குதித்து ஓடினேன். அவள் என்னைத் தூக்கவில்லை. என் தலைக்கு மேலே ஜீப்பைப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். டிரைவரையும் அதிகாரியையும் தவிர அதில் யாரும் இல்லை. உடனே நெஞ்சில் கையை வைத்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நான் அவள் மடியில் விழுந்து, அந்தப் பெருமூச்சு எனக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.